இஞ்சினுக்குப் புளி போட்டுத் துலக்கிய நாள்

என் வயதுக்காரிகள் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறீர்களோ, எனக்குத் தெரியாது. இருக்கிறவர்கள் கேளுங்கள். ஜப்பான்காரன் காலம் என்றாலே நம் ஆட்கள் மரவள்ளிக்கிழங்கில்தான் தொடங்குவார்கள். கிழங்கு தின்றோம், கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்டோம், உடம்பெல்லாம் சொறி வந்தது என்பார்கள். எல்லாம் நானும் பட்டதுதான். அதையே திரும்பச் சொல்ல எனக்கு அலுப்பாக இருக்கிறது. நான் சொல்லப்போவது ஓர் இஞ்சினைப் பற்றி. காஜா பேராங்கில் ஒரு பெரிய பங்களாவின் பின்னால், தகரக் கொட்டகைக்குள் இருந்த இஞ்சின். டவுன் கரண்டு நின்றுபோனால் வீட்டு விளக்குகளை எரிய வைப்பது அதன் வேலை. அந்தக் காலத்து மலாக்காவில் எத்தனை வீட்டில் அப்படி ஒன்று இருந்திருக்கும், சொல்லுங்கள்? எங்கள் வீட்டில் இருந்தது.

எங்கள் வீடு என்பது கொஞ்சம் கூடுதல்தான். முதலாளி வீடு அது. சண்டை வரப்போகிறது என்றதும் அவர் குடும்பத்தோடு கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். என் அப்பா அவருடைய தோட்டக்காரர். பின்கட்டு அறைகளில் நாங்கள் இருந்தோம்: அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாகத் தம்பி, அப்பாவின் அக்காளான அத்தை. அத்தை புருஷனை இழந்தவள். வாயை மட்டும் இழக்கவில்லை.

முதலாளி இருந்தபோது இஞ்சினைப் பார்த்துக்கொள்ளத் தெங்கேராவிலிருந்து ஒரு சீன மெக்கானிக் மாதம் ஒருமுறை வருவார். கரண்டு நிற்காவிட்டாலும் அதைக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுப் போவார். சும்மா கிடந்தால் துருப்பிடித்து இறுகிவிடுமாம். அவர் சொல்லும்போது கைப்பிடியைச் சுற்றுவது அப்பாவின் வேலை. அவ்வளவுதான் அப்பாவுக்கும் அந்த இஞ்சினுக்கும் உறவு. ஜப்பான்காரன் வந்த பிறகு மெக்கானிக் என்ன ஆனார் என்று தெரியவில்லை.

பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி குடியேறினார். கண்ணாடி போட்டவர், மெதுவாக நடப்பவர். அவரோடு துபாசியாக வந்தவர் எங்கள் தெருவிலேயே மளிகைக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம். அவர்கள் பேச்சில் அண்ணனுக்கு நானா என்று பெயர்; நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். ஜப்பான் பாஷையை எப்படியோ சீக்கிரமே பிடித்துக்கொண்டிருந்தார். அதிகாரி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார்.

“இந்த மெஷினை ஓட்டுறது யாருன்னு கேக்குறாரு” என்றார் நானா.

அப்பா வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். “யாரு ஓட்டுவா? இதோ நிக்கிறானே, என் தம்பிதான். இவன் கைபட்டாத்தான் அது மூச்சே விடும்.”

நானா அப்பாவைப் பார்த்தார். அவருக்கு அப்பா யார் என்று நன்றாகத் தெரியும். அவர் கடைக்கு வாழைக்குலை வெட்டிக்கொண்டுபோய்க் கொடுப்பவர் அப்பா. இருந்தும் அத்தை சொன்னதையே ஜப்பான் பாஷையில் சொன்னார். அதிகாரி தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

“அக்கா, நான் கைப்பிடி சுத்துறவன்தானே” என்றார் அப்பா.

“வாயை மூடு. தோட்டக்காரன்னு சொன்னா உன்னைச் சயாமுக்கு ஏத்திருவான். அவனுக்குப் பூச்செடி ஒரு கேடா? வெளக்கு வேணும்ல, அதுக்கு ஆள் வேணும்ல.”

அத்தை சொன்னதில் தப்பில்லை. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. தோட்டங்களில் பிடித்தார்கள், பிறகு டவுனிலும் பிடித்தார்கள். எங்கள் தெருச் சலவைக்காரியின் புருஷன் காய் வாங்கப் பாசாருக்குப் போனவர் கூடையோடு போனவர்தான். ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அப்படியும் ஆள் பிடிப்பது நிற்கவில்லை. இஞ்சின் ஓடும்வரை அப்பா எங்களோடு இருப்பார் என்பது எனக்குக்கூடத் தெரிந்திருந்தது. அதனால் இஞ்சின் ஓடியாக வேண்டும்.

அப்பா அதை எப்படிக் கற்றுக்கொண்டார் என்று கேட்டால், பயத்தில் கற்றுக்கொண்டார் என்றுதான் சொல்வேன். மெக்கானிக் என்ன செய்தார் என்று கண்ணை மூடி உட்கார்ந்து யோசிப்பார். அந்த மனிதனின் முதுகுச் சட்டைதான் ஞாபகத்துக்கு வருகிறது என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்வார். ஆனால் மெக்கானிக் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வாராம். ஓடவில்லை என்றால் எண்ணெய் வருகிறதா பார், நெருப்புப் பொறி வருகிறதா பார், காற்று போகிறதா பார். அப்பா அதை முணுமுணுத்துக்கொண்டே இஞ்சினைச் சுற்றிச் சுற்றி வருவார். கோவிலைச் சுற்றுகிற மாதிரி இருக்கும்.

மண்ணெண்ணெய் எங்கேயும் கிடைக்கவில்லை. ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெய்தான். புக்கிட் ரம்பாய் பக்கம் யாரோ டிரம்மில் காய்ச்சினார்கள். அதிகாரி கொடுத்த சைக்கிளில் போய் அப்பா டின்னில் வாங்கிவருவார். பழைய செருப்பைத் தீயில் போட்டால் ஒரு நாற்றம் வருமே, அதே நாற்றம். சோற்றில் நாறும், தம்பியின் தலைமுடியில் நாறும். அதில் தூசும் பிசினும் இருக்கும் என்பதால் துணியில் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். அம்மா தன் கல்யாணச் சேலையில் ஒரு முழம் கிழித்துக் கொடுத்தாள். “நமக்குச் சாக்கு, இஞ்சினுக்குச் சேலை” என்றாள் அத்தை.

அந்த எண்ணெயில் ஓடினால் பிளக்கில் கரி அப்பிக்கொள்ளும். அப்பா அதைக் கழற்றிக்கொண்டுவருவார். அம்மா கிழங்கு வேகும் அடுப்பின் ஓரத்தில் போட்டுக் கரி போகச் சுடுவாள். தேய்கிற இடத்துக்கெல்லாம் விளக்கெண்ணெய். டைனமோவுக்குப் போகும் தோல் பெல்ட் வழுக்கினால் குங்கிலியத்தைப் பொடித்துத் தூவ வேண்டும். இஞ்சின் சூட்டைத் தணிக்க மேல்தொட்டியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது கொதித்ததும் அத்தை முகந்துகொண்டுபோய்த் துணி அலசுவாள். “வெளக்கெண்ணெய் கேக்குது, வெந்நீர் கேக்குது, சாம்பிராணி கணக்கா பொகை கேக்குது. இது இஞ்சினா, புள்ளை பெத்தவளா?” என்பாள். அப்பாகூடச் சிரித்துவிடுவார்.

ஒருநாள் மழையில் கரண்டு நின்று, அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தும் இஞ்சின் கிளம்பவில்லை. பெல்ட் ஈரம், பிளக் ஈரம். துடைத்துக் காயவைத்து விளக்கு எரிய நேரமாகிவிட்டது. அதிகாரி மெதுவாகத்தான் வந்தார், கோபப்பட்ட மாதிரியே தெரியவில்லை. வந்து ஓர் அறை விட்டார். மெதுவாகவே திரும்பிப் போனார். காதுக்குள் இஞ்சின் ஓடுகிறது என்று அப்பா பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் ஆயுத பூஜை.

பொரி இல்லை, கடலை இல்லை, சந்தனம் இல்லை. இருந்தாலும் சோறு போடுகிற சாமானுக்கு ஒருநாள் மரியாதை செய்யாமல் விடுவதா? அப்பாவின் மண்வெட்டியையும் புல்வெட்டுகிற கத்தியையும் அத்தை கழுவி வைத்தாள். அப்பா காலையிலேயே டின்னோடு புக்கிட் ரம்பாய்க்குப் போயிருந்தார். அம்மா கொட்டகைக்குள் போனாள்.

என் அம்மாவின் கையைப் பற்றி நான் சொல்ல வேண்டும். அவள் துலக்கிய செம்பில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். முதலாளியம்மாவே கல்யாணச் சாமான்களை வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார். அந்த இஞ்சினிலும் பித்தளை நிறைய இருந்தது. விளக்கெண்ணெய் ஊற்றும் சின்னக் கிண்ணங்கள், எண்ணெய்க் குழாய், குழாயின் முடிவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குமிழ். எல்லாம் கறுத்துக் கிடந்தன. கையால் திருகினால் கழலுகிறதையெல்லாம் அம்மா கழற்றினாள். எங்கேயோ பொத்தி வைத்திருந்த பழம்புளியை எடுத்தாள், அடுப்புச் சாம்பலைச் சலித்தாள், தேங்காய் நாரைச் சுருட்டினாள். குழாயடியில் உட்கார்ந்து தேய்த்தாள். வெயிலில் காயவைத்து, எது எங்கே இருந்ததோ அங்கேயே மாட்டினாள். மஞ்சளைக் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்தாள்.

கொட்டகையே மாறிப்போயிற்று. வாசலில் நின்று பார்த்த அத்தை, “மொதலாளி வீட்டுக் கல்யாணத்துலகூட இப்படி மின்னல” என்றாள். அத்தை அம்மாவைப் புகழ்ந்து நான் கேட்டது அது ஒன்றுதான்.

அப்பா திரும்பிவந்து பார்த்தார். சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “இன்னிக்கு அது தூங்கட்டும். நாளைக்கு ஓட்டலாம்” என்றார்.

சாயங்காலம் நானா வேகமாக வந்தார். மத்தியானத்திலிருந்தே டவுனில் கரண்டு இல்லை. “ரயில்வேயிலேருந்து பெரிய ஆள் ஒருத்தர் சாப்பிட வர்றாரு. இவருக்கும் மேல உள்ளவரு. இருட்டுறதுக்குள்ள வெளக்கு எரியணுமாம்.”

“இன்னிக்குப் பூஜை, நானா.”

“அதை நான் எந்தப் பாஷையில சொல்றது?”

அப்பா இஞ்சினைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினார். புஸ் என்றது. மறுபடி சுற்றினார். புஸ். டின்னில் எண்ணெய் இருக்கிறது. நெருப்பு வருகிறதா பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, வயரோடு இரும்பில் படும்படி வைத்துக்கொண்டு, “அக்கா, சுத்து” என்றார். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுற்றினாள். நீலமாகப் பொறி வந்தது. காற்றுப் போகிற வழியில் கையை வைத்துப் பார்த்தார். இழுத்தது. மூன்றும் சரியாகத்தான் இருந்தன, இஞ்சின் மட்டும் ஓடவில்லை. அப்பாவின் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“மின்ன மின்ன வெச்சா கண்ணு படாம என்ன செய்யும்?” என்றாள் அத்தை. “தெருவே பாத்துட்டுப் போச்சு.”

“அண்ணே, நேரமாகுது” என்றார் நானா. அவர் முகத்திலும் வேர்வை. விளக்கு எரியாவிட்டால் அப்பா இஞ்சின்காரர் என்று சொன்ன வாய்க்கும் அறை உண்டு அல்லவா?

அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முதல் புஸ் சத்தத்திலிருந்தே அவள் அந்தப் பித்தளைக் குமிழைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன்.

“என்னாங்க. அதை நான் கழட்டினேன்.”

“எதை?”

“அந்த உருண்டையை. தொலக்குறதுக்கு.”

அப்பா நிமிர்ந்தார். “உள்ள ஒரு ஊசி ஓட்டை இருக்குமே.”

“நான் பாக்கல. வெளியதான் தேச்சேன். சாம்பல் உள்ள போயிருக்கும்.”

அப்பா திட்டுவார் என்று பார்த்தேன். அவர் மடமடவென்று குமிழைத் திருகிக் கழற்றினார். உள்ளே எண்ணெய் வருகிற பொட்டு ஓட்டை சாம்பல் நிறத்தில் சாந்து வைத்தது போல அடைத்திருந்தது. சாம்பலும் புளியும் ரப்பர் எண்ணெயும் கலந்து இறுகிய சாந்து. கம்பியை விட்டுக் குத்தப்போனவர் நிறுத்திக்கொண்டார். கம்பி விட்டால் ஓட்டை பெரிதாகிவிடும் என்று மெக்கானிக் சத்தம் போட்டது அந்த நேரத்தில் ஞாபகம் வந்ததாம்.

அம்மா தம்பியை என்னிடம் தந்துவிட்டுக் குமிழைக் கேட்டு வாங்கினாள். வாயில் வைத்து ஊதினாள். அடுப்பூதுகிறவள் நெஞ்சு அது. கன்னம் உப்ப ஊதினாள், உறிஞ்சினாள், கறுப்பாகத் துப்பினாள், மறுபடி ஊதினாள். உதடெல்லாம் ரப்பர் எண்ணெய். அப்புறம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். “தெரியுது” என்றாள்.

மாட்டிச் சுற்றினார் அப்பா. டக் என்றது. டக், டக். பிறகு விடாமல் ஓடியது. பங்களாவில் விளக்குகள் முதலில் செம்மண் நிறமாக, அப்புறம் மஞ்சளாக, அப்புறம் வெள்ளையாக ஏறின. அத்தை உட்கார்ந்துவிட்டாள். அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா அவளைப் பார்த்துச் சிரித்தார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது எனக்கு அது ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது.

விருந்தாளியின் மோட்டார் கார் அதற்குள் வந்துவிட்டது. குட்டையான மனிதர், தொப்பியைக் கையில் வைத்திருந்தார். இஞ்சின் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள் போகாமல் நேரே கொட்டகைக்கு வந்தார். பின்னாலேயே எங்கள் அதிகாரியும் நானாவும். விருந்தாளி இஞ்சினுக்கு முன்னால் குந்தினார். ஒவ்வொரு பித்தளைக் கிண்ணமாகப் பார்த்தார். ஒன்றை விரலால் தடவி விரலைப் பார்த்தார். விரலில் கறுப்பில்லை. அப்பாவைப் பார்த்து ஏதோ நெடுநேரம் சொன்னார். அதைக் கேட்கக் கேட்க நானாவின் முகம் மாறியது.

“என்ன நானா?” என்றார் அப்பா.

“இவ்வளவு சுத்தமா இஞ்சினை வெச்சிருக்கிற ஆளை இந்த நாட்டுல பாத்ததில்லைங்கிறாரு. சயாம் லைன்ல தண்ணி எறைக்கிற இஞ்சினெல்லாம் அழுக்கடைச்சு நின்னுபோகுதாம். உங்களை மாதிரி ஆள்தான் வேணுமாம். காலையில லாரி அனுப்புறேங்கிறாரு.”

எங்கள் அதிகாரி குனிந்து வணங்கினார். பெரியவர் கேட்டதை அவர் எப்படி மறுப்பார்?

அம்மா முன்னால் வந்தாள். “நானா, சொல்லுங்க. இவரு இஞ்சின்காரர் இல்ல. தோட்டக்காரர். இதைத் தொலக்கினது நான். புளியும் சாம்பலும் போட்டு நான்தான் தொலக்கினேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லுங்க.”

“வேணாம் புள்ள” என்றார் அப்பா. அத்தை தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பொய் சொன்னது தெரிந்தால் என்ன செய்வார்களோ?

நானா அம்மாவைப் பார்த்தார். திரும்பிப் பேச ஆரம்பித்தார். கொஞ்சம் நீளமாகவே பேசினார். விருந்தாளி அம்மாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், சத்தமாகச் சிரித்தார், ஏதோ சொன்னார். நானாவும் சிரித்தார். கையை ஆட்டி ஆட்டிச் சிரித்து என்னவோ சொன்னார். விருந்தாளி அப்பாவின் தோளைத் தட்டிவிட்டு விளக்கு எரியும் வீட்டுக்குள் போனார்.

“என்ன சொன்னாரு?” என்று கேட்டாள் அம்மா.

“ஒண்ணுமில்ல தங்கச்சி” என்றார் நானா. அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

காலையில் லாரி வருவதற்கு முன் அப்பா அம்மாவைக் கொட்டகைக்கு அழைத்துப்போனார். எந்தத் திருகை எவ்வளவு திறக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது, எல்லாம் காட்டினார். ஆளில்லாமல் இஞ்சின் நின்றால் பின்கட்டிலிருந்து எங்களைத் துரத்திவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். “தண்ணி கொறையாம பாத்துக்க. வாரத்துக்கு ஒருதரம் சும்மாவாவது ஓட்டு” என்றார். என்னிடம் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. தம்பியை முகர்ந்து பார்த்துவிட்டு ஏறிப் போனார்.

ஜப்பான்காரன் போகிறவரை அந்த இஞ்சினை ஓட்டியது என் அம்மா. மலாக்காவில் இஞ்சின் ஓட்டிய தமிழ்ப் பொம்பிளை அவள் ஒருத்திதான் என்று நான் எங்கேயும் சொல்வேன். ஒரு நாள்கூட விளக்குத் தாமதமானதில்லை. சண்டை முடிந்து சயாமிலிருந்து ஒன்றிரண்டு பேர் காலில் புண்ணோடு திரும்பினார்கள். ஆற்றோரம் தண்ணீர் இறைக்கும் இடத்தில் அப்பாவைப் பார்த்ததாக அவர்களில் ஒருவர் சொன்னார். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்களுக்கு அவ்வளவுதான் வந்து சேர்ந்தது.

முதலாளி திரும்பிவந்து இஞ்சினை விற்றுவிட்டார். அம்மா வீடுகளில் வேலை செய்து எங்களை வளர்த்தாள். ஆனால் நானா கடையில் ஒரு சாமான் வாங்கியதில்லை. கடை எங்கள் தெருவில்தான். வெயிலில் தெங்கேராவரை நடந்துபோய் மல்லி வாங்கிவருவாள். நானா எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்கிப் போவாள். “நான் சொன்னதைச் சொல்லாம அவனோட சேந்து சிரிச்சாரு” என்பாள். அத்தை சாகும்வரை அதற்கு ஆமாம் போட்டாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பெரிதான பிறகு ஒருநாள் அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன். திடீரென்று மழை. நானா கடைத் தாழ்வாரத்தில்தான் ஒதுங்க முடிந்தது. அவர் கண் மங்கி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடையை மகன்தான் பார்த்துக்கொண்டார்.

“யாரு, இஞ்சின்காரர் மகளா?” என்றார். குரலில் கண்டுபிடித்துவிட்டார்.

“தோட்டக்காரர் மக” என்றேன்.

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு அவராகவே சொன்னார்.

“நான் சொன்னேன் புள்ள. உங்கம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாம சொன்னேன். அந்த ஆளு சிரிச்சான். பொண்டாட்டிக்கும் இவ்வளவு கைவேலை தெரியுமா, அப்ப ரெண்டு பேரையும் லாரியில ஏத்துன்னான். நான்தான் சிரிச்சு, பைத்தியக்காரி, புருஷனைப் பிரியமாட்டாம ஒளறுறா, கைப்புள்ளைக்காரின்னு மழுப்பினேன்.”

“அதை அம்மாகிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே, நானா.”

“உங்கம்மாவை எனக்குத் தெரியும்” என்றார்.

மழை விட்டதும் வீட்டுக்குப் போனேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானா சொன்னதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். கை நிற்கவில்லை.

“ரெண்டு பேரையும்னா சொன்னான்?”

“ஆமாம்மா.”

ஒரு காம்பை முழுக்க உருவி முடித்தாள். கை அப்போதுதான் நின்றது.

“அவரு எதுக்கு மழுப்புனாரு?” என்றாள். “நான் ஏறியிருப்பேனே.”

தம்பி அப்போது பால்குடி. நான் சின்னப் பிள்ளை. எங்களை யாரிடம் விட்டுவிட்டு ஏறியிருப்பாய் என்று கேட்க வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். கேட்காமல் அடுத்த காம்பை எடுத்து நானும் உருவ ஆரம்பித்தேன்.